ஜாம் போத்தலில் வந்த முகம்

போன மாதம் விபோர்க்கில் ஒரு பிள்ளையின் முதல்நன்மைக் கொண்டாட்டம். மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டு நின்ற தம்பி ஒருவர் என்னையும் கதிரையில் இருத்தி எடுத்துவிட்டு, கைத்தொலைபேசியை நீட்டினார்.

“பாருங்கோ அன்ரி, வடிவாய் வந்திருக்கிறியள்.”

பார்த்தேன். பாலில் ஊறப்போட்ட பாண் மாதிரி ஒரு மனுசி என்னுடைய சேலையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

“தம்பி, இது ஆர்?”

“நீங்கள்தான் அன்ரி. போன் தானாய் முகத்தை வெள்ளையாக்கிப்போடும். எல்லாருக்கும் அதுதானே விருப்பம்.”

“உந்த வேலையைச் செய்துதான் எனக்கு ஒருக்கால் வேலை போகப் பாத்தது. உங்கடை போனை ஒருதரும் பேசிறேல்லையோ?”

அவருக்கு விளங்கவில்லை. கதையைச் சொல்லத் தொடங்கினேன். பக்கத்து மேசையில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். முடிய, “அன்ரி, சங்க மலருக்கு உதை எழுதித் தரவேணும்” என்று அந்தத் தம்பி விடாப்பிடியாய் நின்றார். எழுதுகிறேன். பெருமையடிக்க எழுதுகிறாள் என்று யாராவது சொன்னால், ஓம், அதற்குத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் றீற்றா. பிறந்தது பாசையூர். கல்யாணம் கட்டும்வரை யாழ்ப்பாணப் பட்டினத்தில் என் மாமா நடத்திய ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். அங்கே இரண்டு வேலை பழகினேன். ஒன்று, நெகற்றிவில் பென்சில் பூசுவது. முகம் இருக்கும் இடத்தில் கூரான பென்சிலால் மெல்ல மெல்லப் பூசினால், அச்சடித்த படத்தில் அந்த முகம் வெளுத்து வரும். கல்யாணப் பேச்சுக்குப் போகும் படம் என்றால் கட்டாயம் பூச வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் நின்று, “பிள்ளை, கொஞ்சம் பாத்துச் செய்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பூசாமல் கொடுத்தால் அது மரியாதைக் குறைவு.

மற்றது, இருட்டறையில் பிலிம் கழுவுவது. மாமாவின் இருட்டறையில் மணிக்கூடு கிடையாது. அவர் நேரத்தைச் செபத்தால் அளப்பவர். இந்த மருந்துக்கு இத்தனை ‘அருள் நிறைந்த மரியே’, அந்த மருந்துக்கு இத்தனை. அவசரப்பட்டுச் சொன்னாலும் படம் கெடும், இழுத்துச் சொன்னாலும் கெடும். என் வயதுப் பெண்கள் கோயிலில் செபமாலை சொன்னார்கள். நான் கோயிலிலும் சொன்னேன், மருந்துக் கோப்பைக்கு முன்னாலும் சொன்னேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க் வந்தோம். என் மனுசன் முதலில், நானும் பிள்ளைகளும் பின்னால். சில்க்போர்க்கில் வீடு கிடைத்தது. மொழிப் பள்ளிக்கூடம் முடிய இவர் தளபாடத் தொழிற்சாலைக்குப் போனார். நான் படம் கழுவும் லாப் ஒன்றின் கதவைத் தட்டினேன். யூட்லாந்துப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் சனம் கொடுக்கும் பிலிம்கள் அங்கேதான் வந்து சேரும். என்னிடம் சான்றிதழ் ஒன்றும் இல்லை. நான் பென்சில் பூசிய ஒரு பெண்ணின் படம்தான் இருந்தது. அச்சுப் பகுதிக்குப் பொறுப்பான இங்கர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். பிறகு, “திங்கட்கிழமை வா. மூண்டு மாதம் பாத்துச் சொல்லுறன்” என்றார். அவர்கள் டெனிஷில் சொன்னதை எல்லாம் நான் எங்கடை கதையில்தான் எழுதப்போகிறேன். எனக்குள் அது அப்படித்தான் கேட்கிறது.

இங்கரைப் பற்றி நிதானமாய்ச் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, கண்ணாடி கழுத்தில் நூலில் தொங்கும். அவர் ஒருநாளும் விரல் நீட்டிப் பிழை காட்டமாட்டார். பிழையான படத்தை வெளிச்ச மேசையில் வைப்பார். செய்தவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்வார். தானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிழை எது என்று நாங்களே கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். பேச்சு வாங்கினால் அழுது முடித்துவிட்டுப் போகலாம், இது அதைவிடப் பெரிய தண்டனை. கண்டுபிடித்துச் சொன்னதும் “நோ” என்பார். ‘அப்படியோ, சரி’ என்பதற்கு டெனிஷ்காரர் சொல்லும் சொல் அது. நல்ல படத்துக்கு அந்த ஒரு சொல்லும் கிடைக்காது. கவிழ்த்து, அனுப்புகிற அடுக்கில் வைத்துவிடுவார். அவ்வளவுதான் பாராட்டு.

அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது வரவே இல்லை. இங்கர் உள்ளே வந்தால் நான் எழும்பி நின்றுவிடுவேன்.

“றீற்றா, நான் என்ன மகாராணியோ? இரு,” என்பார்.

இருந்துவிட்டு, அடுத்த முறையும் எழும்புவேன்.

சுவரில் ஒரு படம் குத்தியிருந்தது. தொப்பியும் முத்துமாலையும் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் வரிசையாய் நிறப் பட்டைகள். அவளுடைய நெகற்றிவ் ஒன்று மெஷினோடு இருக்கும். ஒவ்வொரு காலையும் முதலில் அவளை அச்சடித்து, சுவரில் இருப்பவளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அவள் முகம் சரியாய் வந்தால் அன்றைக்கு மெஷின் சரி. மெஷின் ஓட்டும் பிறேபன் அவளுக்கு ‘மிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். வாய்க்காரன், ஆனால் மனசில் கள்ளம் இல்லாத மனுசன். “மிஸ்ஸுக்கு இண்டைக்குக் காய்ச்சல், கொஞ்சம் மஞ்சளாய்க் கிடக்கிறா,” என்பார். நிறத்தைத் திருத்தியபிறகுதான் வேலை தொடங்கும்.

தை, மாசி மாதங்களில் வந்து குவிந்த பிலிம்களில் கனக்க சென் ஜோன் என்ற தீவில் எடுத்தவை. கரீபியன் கடலில் ஒரு துண்டு நிலம். ஒரு காலம் டென்மார்க்கின் சொத்தாய் இருந்து, பிறகு அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட தீவுகளில் ஒன்று. கையில் வசதி உள்ளவர்கள் குளிருக்குத் தப்பி அங்கே பறப்பார்கள். வெள்ளை மணல், பச்சைக் குன்று, கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதைவிட, கண்ணுக்கு மூடி போட்டு, வாயில் குழாயை வைத்து மூச்சு விட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தி நீந்துகிற ஸ்நோர்க்கல் படங்கள். கிளிமீன், திருக்கை, ஆமை, விசிறி போல விரிந்து ஆடும் ஊதாப் பவளம். ஒரு குடாவில் கடலடியிலேயே பலகை நட்டு, எது என்ன பவளம் என்று எழுதி வைத்திருந்தார்கள். கடலுக்குள்ளும் பள்ளிக்கூடம் நடத்துகிற சனம்.

நான் கடற்கரையில் பிறந்தவள். அப்பாவும் அண்ணைமாரும் கடலோடிகள். ஆனால் பொம்பிளைப் பிள்ளை கடலில் இறங்கினால் ஊர் சும்மா விடுமோ? கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கடலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று நான் முதன்முதல் பார்த்தது சில்க்போர்க்கில், வெளியே பனி கொட்ட, ஒரு மெஷினின் சின்னக் கண்ணாடிக்குள்ளால். “மாதாவே, உதுகளுக்கு மேலாலையோ எங்கடை ஆக்கள் வள்ளம் விட்டவை!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தமிழ் தெரியாத பிறேபனும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அந்தப் படங்களை மெஷினை நம்பி விடமுடியாது. மெஷினுக்கு எந்தப் படமும் சராசரியில் சாம்பல் நிறமாய் இருக்க வேண்டும். நீலம் கூடிவிட்டால் ஏதோ பிழை என்று நினைத்து மஞ்சளையும் சிவப்பையும் அள்ளிப் போடும். கடல், குளத்துச் சேறு மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் இருந்து பொத்தானை அழுத்தி நாங்கள்தான் நீலத்தைக் காப்பாற்ற வேண்டும். அது எனக்கு வெகு சீக்கிரம் பிடிபட்டது. இங்கர் என் கடல் படங்களை ஒன்றன்பின் ஒன்றாய்க் கவிழ்த்து வைத்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

ஏறினதை இறக்க ஒரு கிழமைதான் எடுத்தது. அதே தீவுக்குக் கூட்டமாய்ப் போய்வந்தவர்களின் படங்கள் வந்தன. வெயிலில் வெந்து, செப்புக் குடம் மாதிரிச் சிவந்து நின்றார்கள். எனக்குப் பாவமாய் இருந்தது. இவ்வளவு வெள்ளையான சனம் இப்படிக் கருகிப்போய் நிற்கிறதே, வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று, கை தானாய்ப் பொத்தானுக்குப் போனது. ஒவ்வொரு முகத்தையும் வெளுக்க வைத்தேன். ஒன்றுகூட விடவில்லை.

கடையிலிருந்து இங்கருக்குத் தொலைபேசி வந்தது. அவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து வெளிச்ச மேசையில் வைத்தார். ஒரு பெண், நீச்சல் உடுப்பு, மணல். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையைப் பின்னால் கட்டினார். நானும் கட்டினேன். எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு வடிவாய் வந்திருந்தது. பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் இங்கரே தன் வழக்கத்தை முறித்தார்.

“இவ எங்கை போயிட்டு வந்தவ?”

“சென் ஜோன். கடற்கரைக்கு.”

“என்ன நிறத்திலை நிக்கிறா?”

“நல்ல வெள்ளை,” என்றேன் சந்தோசமாய்.

“றீற்றா, இந்த மனுசி வருசம் முழுக்கக் காசு சேத்தது அந்த வெயிலிலை கிடந்து கறுக்கத்தான். படத்தைப் பாத்தால் ரண்டு கிழமை நிலவறைக்குள்ளை இருந்திட்டு வந்தவ மாதிரி இருக்கிறா. கடையிலை நிண்டு அழுதவவாம்.”

பிறேபன் சிரிப்பு அடக்கமுடியாமல் நிலத்தில் இருந்துவிட்டார். நான் யாழ்ப்பாணத்துப் பென்சில் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் படத்தை வெளுக்காவிட்டால் எங்களைப் பேசுவார்கள் என்றேன். இங்கர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். “நோ. அங்கை வெளுக்கக் காசு குடுப்பினம். இங்கை கறுக்கக் காசு குடுப்பினம். நாங்கள் வந்த நிறத்திலை குடுப்பம்,” என்றார். கூட்டம் முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பிறேபனுக்கு நான் ‘சுண்ணாம்பு’. பிலிமுக்குத் தூசி ஆகாது என்று நான் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வருவதையும் இங்கர் நிறுத்திவிட்டார். பவுடர் இல்லாமல் வாசல் தாண்டிப் பழகாதவள் நான். உடுப்பில்லாமல் போகிற மாதிரிக் கூச்சப்பட்டேன்.

பங்குனி பிறந்து ஒரு காலை, வயதான கணவனும் மனைவியும் லாப் வாசலில் வந்து நின்றார்கள். ஹோல்கர், எல்சே. அவர் கிராமத்துத் தபால்காரராய் இருந்து ஓய்வு பெற்றவர். எல்சேயின் கையில் கம்பளிச் சொக்ஸ் ஒன்று சுற்றிய ஜாம் போத்தல். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு பிலிம் சுருள்.

ஹோல்கர் எங்களோடு கதைக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓரத்தால்தான் கொஞ்சம் தெரியும். அது முற்றாகப் போகமுதல் பவளம் பார்க்க வேண்டும் என்றுதான் சென் ஜோனுக்குப் போயிருக்கிறார்கள். தண்ணீருக்குள் படமெடுக்கக் கமராவைத் தடித்த பிளாஸ்ரிக் பையொன்றில் போட்டுப் பூட்டிக்கொண்டு போனார்களாம். கடைசி நாள் பைக்குள் கடல் புகுந்துவிட்டது.

“நான்தான் பூட்டை இறுக்காமல் விட்டனான்,” என்றார் எல்சே. அதைச் சொல்லிச் சொல்லியே வந்திருக்கிறார் என்று குரலில் தெரிந்தது.

“மற்றப் படமெல்லாம் போனால் போகட்டும்,” என்றார் ஹோல்கர். “ஒரு படம் வேணும். கடலடியிலை இருக்கிற அந்தப் பலகையளை வாசிக்க ஏலாமல் கிட்டக் கிட்டப் போனன். நீரோட்டம் என்னைப் பவளப்பாறைக்கு வெளியாலை இழுத்துப்போட்டுது. குழாய்க்குள்ளை தண்ணி. முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். சாமுவேல் எண்டு ஒரு வள்ளக்காரன் குதிச்சு என்னை இழுத்துக்கொண்டு வந்தார். கரையிலை அவற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தனான். கண்ணாடி இல்லை, கண்ணெல்லாம் உப்பு, வெயில். முகத்தைக் காணேல்லை. எல்சே எங்கள் ரண்டுபேரையும் ஒரு படம் எடுத்தவ. அது உதுக்குள்ளை கிடக்கு.”

“மீசை வைச்ச ஆள், சிரிச்ச முகம் எண்டு நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன்,” என்றார் எல்சே.

“அது நீ பாத்தது. நான் பாக்கவேணும். கோடைக்குப் பிறகு பூதக்கண்ணாடி வைச்சாலும் தெரியாது எண்டு டொக்டர் சொல்லுறார்.”

பிலிமைக் காயவிடாமல் நல்ல தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னதும் அந்தச் சாமுவேல்தானாம். காய்ந்திருந்தால் சுருள் ஒட்டிப் பாறையாகியிருக்கும்.

“உதைப் பாணுக்குத்தான் பூசலாம்,” என்று பிறேபன் என் காதுக்குள் சொன்னார். இங்கர் அவர்களிடம், ஈரப் பிலிம் எடுப்பதில்லை என்பது இங்கே சட்டம் என்று தன்மையாய்ச் சொன்னார். அது மெஷினுக்குள் போனால் தோல் கழன்று மற்ற எல்லாருடைய பிலிமையும் கெடுக்கும். உண்மைதான். எல்சே போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஹோல்கர் தலையை இன்னும் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பினார்.

என் மூன்று மாதம் முடிய இன்னும் சில நாள்தான் கிடந்தது. சுண்ணாம்புக் கதையின் சூடு ஆறவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கடலோடி ஒருவன் இழுத்துக் கரைசேர்த்த மனுசனைப் பாதியில் விடுவதோ?

“நான் செய்வன்,” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“மெஷின் உதைத் தின்னாது, றீற்றா.”

“மெஷின் வேண்டாம். கையாலை செய்வன்.”

“கலர் பிலிம் கையாலை செய்திருக்கிறியோ?”

“இல்லை. கறுப்பு வெள்ளைதான் செய்தனான். கை ஒண்டுதானே.”

இங்கர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். “நோ,” என்றார். “நானும் உள்ளுக்கு வாறன்.”

கையில் கிடந்த காப்புகளைக் கழற்றினேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டேன். இங்கர் மருந்துக் கோப்பைகளைச் சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, முப்பத்தெட்டுப் பாகைக்கு ஒரு மயிரிழை குறைய நிற்கும்வரை விடாமல் பார்த்தார். கலர் மருந்து அந்தச் சூட்டில் இருந்து அசைந்தால் நிறம் போய்விடும். பிறகு விளக்கை அணைத்தார். கலர் பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

தண்ணீருக்குள்ளேயே சுருளின் மூடியைத் திறந்து, பிலிமை விரல் நுனியால் தேடி எடுத்தேன். பாலாடை மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டியிருந்தது. இழுக்கவில்லை. இடையில் தண்ணீர் தானாய்ப் போகும்வரை பொறுத்து, ஒவ்வொரு சுற்றாய் விட்டுக் கொடுத்தேன். பிறகு இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, ஒரு கை ஏற மறு கை இறங்க, மருந்துக்குள்ளால் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினேன். மாமாவின் ஸ்ரூடியோவில் பழகிய ஆட்டம். நிறுத்தினால் கோடு விழும், வேகம் கூடினால் தோல் உரியும்.

இங்கர் பக்கத்தில் மணி அடிக்கும் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை நம்பி நிற்கவில்லை. வாய் தானாய்த் தொடங்கிவிட்டது. அருள் நிறைந்த மரியே வாழ்க. ஒன்று முடிய மற்றது. கை ஆட, வாய் எண்ண, கடைசி ‘ஆமென்’ வாயைவிட்டுப் போகவும் கடிகாரம் கிணுங்கென்று அடிக்கவும் சரியாய் இருந்தது.

இருட்டுக்குள் இங்கரின் குரல் வந்தது. “என்ன முணுமுணுத்தனி? அழுறாய் எண்டு நினைச்சன்.”

“நேரம் எண்ணினனான்.”

“நோ,” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்டவற்றிலேயே நீளமான ‘நோ’ அதுதான்.

விளக்கைப் போட்டபோது பிலிமின் கடைசிப் பாதி போய்விட்டிருந்தது. மண்ணிறக் கறை, உரிந்த தோல். முதற்பாதியில் மீன்கள் இருந்தன, பவளம் இருந்தது. நடுவில் கடற்கரைப் படம். கறை ஹோல்கரின் தோள்வரைக்கும் ஊர்ந்து வந்து அங்கே நின்றிருந்தது. நான் சிலுவை அடையாளம் போட்டேன். சிலுவை போடாத லூதரன் சபைக்காரி இங்கர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். காயவைத்து மெஷினில் அச்சடித்தபோது வெள்ளை மணல், நீலக் கடல், சிவந்த ஹோல்கர், பக்கத்தில் ஓலைத் தொப்பிக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டு. அதில் பல் மட்டும் தெரிந்தது. இங்கர் படத்தை வெளிச்ச மேசையில் வைத்து என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். இந்தமுறை நான் அவரைக் காத்திருக்க வைக்கவில்லை.

“முகம் இல்லை,” என்றேன்.

“கறுப்பு ஆளுக்குக் கறுப்பாய்த்தானே வரும்,” என்றார் பிறேபன். “என்ன செய்யிறது?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “பிறேபன், என்னைப் பார். எனக்கு மூக்கு இருக்கோ? கண் இருக்கோ? வாய் இருக்கோ?”

“வாய் இருக்கு,” என்றார் அவர். எல்லாரும் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அது சிரிக்கிற விசயம் அல்ல. நாங்களும், விபோர்க்கிலும் எஸ்பியர்க்கிலும் இருந்த எங்கடை ஆட்களின் குடும்பங்களும் முதல் பனியில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தோம். எல்லாம் இதே கரித் திட்டுத்தான். என் மாமி எழுதியிருந்தா: “பனி வடிவாய்த் தெரியுது, பேரப்பிள்ளையளைத்தான் காணேல்லை.” மெஷினில் பிழை இல்லை. அது மிஸ்ஸின் முகத்துக்குத் திருத்திய மெஷின். வேறு முகம் அதற்குத் தெரியாது.

“கையாலை அச்சடிக்கப்போறன்,” என்றேன்.

“வெள்ளையாக்கிப்போடாதை,” என்றார் இங்கர்.

“மாட்டன். ஆளைத் தெரியவைப்பன், அவ்வளவுதான்.”

என் மனுசனின் பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியில் பஞ்சுத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். தாளில் ஒளி விழும்போது சாமுவேலின் முகத்துக்கு மேலே மட்டும் அந்தப் பஞ்சின் நிழலை ஆட்டிக்கொண்டு நின்றால், முகத்தில் ஒளி குறைய விழும். குறைய விழுந்தால் முகம் தெளியும். ஓரிடத்தில் அசையாமல் பிடித்தால் வட்டமாய்த் தழும்பு விழும். தொப்பி நிழலில் நீலம் தங்கும், அதற்கு வேறாய் நிறம் திருத்த வேண்டும். முதல் படத்தில் சாமுவேல் சாம்பலாய் வந்தார். அடுத்ததில் செங்கல்லாய் வந்தார். அதற்கடுத்ததில் என் பழைய கை புகுந்து கொஞ்சம் வெளுத்துவிட்டது. அதை இங்கர் பார்க்கமுதல் கிழித்தேன். குப்பைக் கூடை நிறைந்தது. தாள் விலையைப் பற்றி இங்கர் ஒரு சொல் சொல்லவில்லை.

பின்னேரம் போல் தாளில் சாமுவேல் வந்தார். நல்ல கடும் மண்ணிறம், தொப்பிக்குக் கீழே வெயில் பட்ட கன்னம், நரைத்த மீசை, புருவத்தில் ஒரு பழைய தழும்பு, நாடியில் தொங்கிய ஒரு துளித் தண்ணீர். எங்கள் பாசையூர்க் கரையில் யாரோ ஒரு பெரியப்பாவைக் கண்ட மாதிரி இருந்தது.

இங்கர் அதை வெளிச்ச மேசையில் வைத்தார். கையைப் பின்னால் கட்டினார். நின்றோம். நான் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. அவர் படத்தைக் கவிழ்க்கவில்லை. “இன்னொண்டு அடி,” என்றார். அடித்துக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் குத்தினார்.

“பிறேபன், ஹோல்கரும் எல்சேயும் சம்மதிச்சால், நாளையிலையிருந்து ரண்டுபேரும் சரியாய் வந்தால்தான் மெஷின் சரி.”

எங்கள் வேலைக்குள் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. லாப் மூடும்வரை சாமுவேல் அந்தச் சுவரை விட்டு இறங்கவில்லை. இங்கருக்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் பொறுப்பாய் நான் இருந்த காலம் முழுக்கவும் இருந்தார். அந்தச் சுவரைத் தாண்டிப் போன எங்கடை ஆட்களின் கல்யாணங்கள், முதல்நன்மைகள், சாமத்தியச் சடங்குகள் எத்தனை! ஒருவர் முகமும் கரியாய்ப் போகவில்லை. மாமியின் அடுத்த கடிதத்தில், “பிள்ளையள் மெலிஞ்சு போச்சினம், நீ சமைக்கிறேல்லையோ?” என்று இருந்தது. ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

ஹோல்கரும் எல்சேயும் வந்த நாளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். படத்தைப் பெரிதாய் அடித்து வைத்திருந்தோம். ஹோல்கர் அதை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். பூதக்கண்ணாடியை எடுத்தார். தலையை ஒரு பக்கம் சரித்து, கண்ணாடியை அங்குலம் அங்குலமாய் நகர்த்தினார். பிறேபன் யாரும் சொல்லாமலே மெஷினை நிறுத்தினார்.

“மீசை நரைச்சுக் கிடக்கு. நீ அதைச் சொல்லேல்லை, எல்சே.”

“நான் கவனிக்கேல்லை.”

“புருவத்திலை தழும்பு.” கண்ணாடி நின்றது. கனநேரம் நின்றது. “எல்சே, இவர் கமராவைப் பாக்கேல்லை. சிரிச்சுக்கொண்டு நிக்கிறார், ஆனால் கண் என்னிலை. நான் மூச்சு விடுறனோ எண்டு இன்னும் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

எல்சே அழுதார். பூட்டை இறுக்காத கதையை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. சுவரில் ஒன்று வைத்துக்கொள்ளலாமோ என்று இங்கர் கேட்க, இருவரும் ஓம் ஓம் என்றார்கள்.

“ஆர் இதைச் செய்தது?” என்று ஹோல்கர் கேட்டார்.

ஒருநாளும் யாரையும் விரல் நீட்டிக் காட்டாத இங்கர், கையை முன்னால் எடுத்து விரலை நீட்டினார். “றீற்றா,” என்றார்.

“கிட்ட வா, வெளிச்சத்துக்கு,” என்றார் ஹோல்கர்.

போனேன். அவர் பூதக்கண்ணாடியை என் முகத்துக்கு நேரே உயர்த்தினார். நெற்றியில் தொடங்கி, கண், மூக்கு, கன்னம் என்று மெல்ல மெல்லக் கொண்டுவந்தார். என் மனுசன்கூட என்னை அப்படி நின்று பார்த்ததில்லை. வேறு நாளென்றால் வெட்கத்தில் குனிந்திருப்பேன். பவுடர் ஒரு துளியும் இல்லாத முகம், பங்குனி வெயில் நேரே விழுகிறது.

“நல்லது,” என்றார் ஹோல்கர். “இப்ப ரண்டுபேரையும் பாத்தாச்சு.”

நான் முகத்தைத் திருப்பவில்லை.